பிழைவழி அறிந்த குடிவழி

திருமழிசை என்னும் ஊர்ப்பெயரைச் சொன்ன அளவிலேயே ஆழ்வாரின் பிறப்புக் கதை நினைவுக்கு வரும். பார்க்கவ முனிவருக்கும் வானுலக மங்கை ஒருத்திக்கும் தோன்றிப் பிரம்புப் புதரின் அடியில் விடப்பட்ட குழந்தையைத் திருவாளன் என்னும் பிரம்பறுப்போன் கண்டெடுத்தான். அவன் மனைவி பங்கயச்செல்வி மார்போடு அணைத்து வளர்த்தாள். வேளாண்குடி முதியவர் ஒருவர் நாள்தோறும் கொண்டுவந்த பால் அக்குழந்தைக்கு உணவாயிற்று. இவ்வாறு குருபரம்பரை நூல்கள் கூறும். ஈன்றவர், எடுத்தவர், பாலூட்டியவர் என மூவகைக் குடிகள் ஒரு பிள்ளையின் பிறப்பில் வந்து கூடுகின்றன. பின்னாளில் பெரும்புலியூர் வேள்விச்சாலையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இக்கதையின் மறுபக்கம். பிரம்பறுப்போன் வீட்டில் வளர்ந்தவர் வரக் கண்ட அந்தணர் வேதம் ஓதுவதை நிறுத்தினர். அவர் அகன்றபின் தொடர முயன்றபோது விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் கருநெல் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்ட, மறந்த தொடர் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது.

வரலாற்றுச் சான்றாக இக்கதையை எவரும் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் 'இவர் எக்குடியினர்?' என்னும் வினாவும் 'இத்தொடர் எங்கே விட்டது?' என்னும் வினாவும் ஒரே கதையில் அடுத்தடுத்து நிற்பது சிந்தனைக்குரியது. குடியின் தொடர்ச்சியையும் ஏட்டின் தொடர்ச்சியையும் ஒரே முறையால் ஆராயலாம் என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகளில் வளர்ந்த ஓர் அறிவுத்துறை மெய்ப்பித்துள்ளது. அதனைப் படிமலர்ச்சி உயிரியல் என்றும், மக்கள்தொகை மரபியல் என்றும் வழங்குவர். அதன் கருவி கணிப்பொறி. அதற்குரிய சான்றுகளுள் கணிசமானவை தமிழ் மக்களின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டவை.

பழமையைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருமழிசையிலிருந்து வடமேற்கே, திருவள்ளூரைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்துள்ளது அத்திரம்பாக்கம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கற்கருவியொன்றைக் கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தின் கருவிகளையும் கண்டறிந்தார். சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்தது. ஆனால் அக்கற்களைச் செதுக்கியவரின் எலும்பு ஒன்றேனும் அங்குக் கிடைக்கவில்லை. இன்று அவ்வழியே நடப்பவரின் மனித இனம் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அவர்கள் வாழ்ந்தனர். கல் காலத்தைச் சொல்லும், கால்வழியைச் சொல்லாது.

கால்வழியை அறிய முற்பட்ட முதல் முயற்சி தமிழகத்தைப் பொறுத்தவரை பெருமைக்குரியதாக அமையவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியும் கொண்டு மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். கா. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் வழக்காறுகள் பற்றிய செய்திகள் இன்றும் பயன்படுவனவே. அளவுகளைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. வங்கத்தில் எச்.எச். ரிஸ்லி ஒருபடி மேலே சென்று, மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதியின் படிநிலை தாழும் என்றே எழுதினார். அருங்காட்சியகத்திற்கு வேடிக்கை பார்க்க வந்தவர் அளவெடுக்கப்பட்டுத் திரும்பிய காட்சியை எண்ணிப் பார்க்கும் கவிஞர், அதில் நகைச்சுவையைக் காண்பாரோ அவலத்தைக் காண்பாரோ, அது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஜி.எஸ். குர்யே 1932இலேயே ரிஸ்லியின் முடிவு இந்தியா முழுமைக்கும் பொருந்தாது எனக் காட்டினார்.

அளவெடுத்தலைக் கைவிடாமல், அளவுகளை ஆளும் கணக்கையே திருத்தியவர் பிரசந்த சந்திர மகலனோபிசு. கல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியர் சிலரின் உடலளவுகள் அவர் கையில் கிடைத்தன. ஓர் அளவை மட்டும் கொண்டு இரு கூட்டத்தாரை வேறுபடுத்துதல் பிழை. உயரம், தலை நீளம், மூக்கு ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தவை. அச்சார்பையும் கணக்கில் சேர்த்தே இரு கூட்டங்களுக்கு இடையிலான தொலைவைக் கூற வேண்டும். இக்கருத்தைச் செம்மைப்படுத்தி 1936இல் அவர் வெளியிட்ட 'மகலனோபிசு தொலைவு' இன்று உலகெங்கும் கணிப்பொறிகளில் அன்றாடம் வழங்குகிறது. அவருடைய மாணவர் சி.ஆர். ராவ், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அடகல்லியில் 1920இல் பிறந்தவர். சூடானில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை இம்முறையால் அளந்தாய்வதற்காக 1946இல் கேம்பிரிட்சுக்கு அழைக்கப்பட்டார். மக்கள்தொகை மரபியலை நிறுவிய மூவருள் ஒருவரான ஜே.பி.எசு. ஆல்டேன் 1957இல் இங்கிலாந்தை நீங்கிக் கல்கத்தாவுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். தென்னாட்டு உறவுமுறைத் திருமணங்களின் விளைவுகளை ஆராயுமாறு இந்திய மாணவர்களை அவர் ஊக்கியது பின்வரும் செய்திகளோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

எனினும் மூக்கும் தலையும் உணவாலும் நோயாலும் மாறுவன. மாறினாலும் தன் மாற்றத்தைத் தானே குறித்து வைக்கும் ஒன்று வேண்டும். அத்தகைய ஒன்றைத் தமிழ்ப் புலவர் நன்கறிவர், அதுவே ஏட்டுச்சுவடி.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிய சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்துவைத்தார். எழுதுவோன் ஏடு பெயர்க்கும்போது ஓரெழுத்தை மாற்றிவிடுகிறான். அவன் படியைப் பார்த்துப் பெயர்ப்போர் அனைவரும் அப்பிழையையும் உடன் பெயர்க்கின்றனர். ஆகவே இரு சுவடிகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பதால் அவற்றின் உறவு விளங்காது. சரியானது எல்லாச் சுவடிகளுக்கும் பொது. ஒரே பிழையில் ஒத்திருக்கும்போதுதான் அவை ஒரே தாய்ச்சுவடியின் மக்கள் என்பது தெளிவாகிறது. செம்மையான பாடத்தைத் தேடும் பதிப்பாசிரியருக்குப் பிழை பகை. சுவடிகளின் குடிவழியைத் தேடுவோருக்கோ பிழையே வழிகாட்டி.

உயிர்களின் உடலணுக்களிலும் இவ்வாறான ஏடு ஒன்று உண்டு. நான்கே எழுத்துகளால் ஆன மனிதனின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுடையது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது பெயர்த்தெழுதப்படும்போது 60, 70 எழுத்துகள் புதிதாக மாறுகின்றன. பெரும்பாலான மாற்றங்களால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை; அவை வெறும் கையெழுத்துப் பிழைகள். அப்பிழைகள் பேரன் பேத்தியருக்குச் செல்கின்றன. ஓர் ஏட்டின் ஒரு பகுதி தாய்வழியாக மட்டுமே வருகிறது. அது மைட்டோகாண்டிரியா என்னும் அணு உறுப்பில் உள்ளது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. எஞ்சிய பெரும்பகுதி தாயேடும் தந்தையேடும் கலந்து வருவது.

சுவடிகள் ஐந்தாறு ஆயின் புலவரின் நினைவே போதும். பத்துச் சுவடிகளை ஒரு மூலத்திலிருந்து இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரமாக வரைய வேண்டுமென்றால், வரையக்கூடிய வெவ்வேறு மரங்கள் 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425. சுவடிகள் இருபதாயின், 8 என்னும் எண்ணின் பின் 21 சுழிகள் இட்டாலும் போதாத அளவுக்கு மரங்கள் உண்டு. இவற்றுள் எது உண்மைக்கு நெருங்கியது என்று தேடுதல் மனிதக் கைக்கு அடங்குவதன்று. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் பாவியா நகரில் லூகா கவாலி-சுவோர்சாவும் அந்தோணி எட்வர்ட்சும் மக்களினங்களின் குருதிவகை விழுக்காடுகளைக் கணிப்பொறியில் இட்டு முதன்முதலாக ஒரு மரத்தை வரைந்தனர். ஜோசப் பெல்சன்சுடைன் 1980 முதல் 'பிலிப்' என்னும் கணிநிரல் தொகுதியை எவரும் பயன்படுத்துமாறு இலவசமாக வழங்கினார். செல்வம் மிக்க ஆய்வகங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒரு கலை இவ்வாறு எளிய பல்கலைக்கழகங்களின் வாயிலுக்கும் வந்தது.

அவ்வாயில்களுள் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கு நோய்த்தடுப்பியல் துறையை வளர்த்த பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், தொழுநோய், காசநோய் ஆகியன சிலரைத் தாக்கிச் சிலரை விட்டுவிடுவது ஏன் என்று ஆராயத் தொடங்கியவர். அவ்வாராய்ச்சிக்குத் தென்தமிழகத்துக் குடிகளின் குருதி வேண்டியிருந்தது. சேர்ந்த குருதியோ வேறொரு கதையையும் சொல்லக் காத்திருந்தது. சுபென்சர் வெல்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர் கடற்கரை வழியே ஆசுதிரேலியாவை அடைந்திருந்தால் வழியில் இந்தியாவில் அடிச்சுவடு இருக்க வேண்டுமே என்று தேடினார். ஆசுதிரேலிய முதுகுடியினரிடம் காணப்படும் எம்130 என்னும் எழுத்து மாற்றம், மதுரையை அடுத்த சிற்றூர் ஒன்றின் ஆடவரிடம் கண்டறியப்பட்டது. 2002இல் வெளிவந்த ஆவணப்படத்தின் வழியாக அச்சிற்றூர் உலகறிந்ததாயிற்று. 2005இல் தொடங்கிய 'செனோகிராபிக்' திட்டத்தின் இந்திய மையமாகவும் மதுரையே அமைந்தது.

இச்செய்தி பரவிய விதத்தில் ஒரு குறை உண்டு. எம்130 உடையவர் 'முதல் இந்தியர்' என்று போற்றப்பட்டார். ஒய் குரோமோசோம் என்பது ஒருவரின் எண்ணற்ற முன்னோருள் தந்தைக்குத் தந்தை, அவர்க்குத் தந்தை என ஒரே ஒரு நூலிழையை மட்டும் காட்டுவது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு முன்னோர் இடங்கள் 1,024. அவற்றுள் ஒய் குரோமோசோம் அறிந்தது ஓரிடத்தையே. ஏனைய 1,023 இடங்களில் இருந்தோர் யாவர் என்பதற்கு அது விடை தராது. அதே சிற்றூரில் எம்130 இல்லாத அண்டை வீட்டார்க்கும் அதே பழைய முன்னோர் பிறவழிகளில் முன்னோராக இருந்திருக்கக் கூடும். பழங்குடிப் பட்டத்தை ஓரெழுத்தைக் கொண்டு வழங்குதல், ஒரு சுவடியின் கடைசி ஏட்டை மட்டும் பார்த்து நூல் முழுமைக்கும் ஆசிரியர் பெயர் சூட்டுவது போன்றது.

மதுரைக் குழுவினர் 2012இல் வெளியிட்ட விரிவான ஆய்வே இதனினும் மதிக்கத்தக்கது. தமிழகத்தின் 12 பழங்குடிகளையும் 19 சாதிப் பிரிவுகளையும் சேர்ந்த 1,680 ஆடவரின் ஒய் குரோமோசோம்கள் அதில் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் 81 விழுக்காடு இம்மண்ணிலேயே நெடுங்காலம் வேரூன்றியவை எனக் கருதத்தக்க கிளைகளைச் சேர்ந்தவை. பழங்குடியினர்க்கும் பிறர்க்கும் அவை பொதுவானவை. அப்பொதுமை 10,000 முதல் 30,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. குடிகளுக்கு இடையே காணப்படும் வேறுபாடுகள் சாதி முறையைக் காட்டிலும் மூத்தவை. வேளாண்மை பரவியதை ஒட்டி அமைந்தவை என்பது அவர்கள் முடிவு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசுதிரேலியா வரை நீண்ட கதையைவிட இந்தச் சிறிய கதை தமிழ் வாசகரிடம் குறைவாகவே சென்று சேர்ந்தது.

கணிப்பொறி கூறுவது வேதவாக்கு அன்று என்பதற்கும் இவ்விடத்தில் ஒரு சான்று காட்டலாம். ஏறத்தாழ 4,230 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆசுதிரேலியாவுக்கு மக்கள் சென்று கலந்தனர் என்று 2013இல் ஓர் ஆய்வு கணித்தது. 2016இல் ஆசுதிரேலிய முதுகுடி ஆடவர் சிலரின் ஒய் குரோமோசோம்களை முழுமையாகப் படித்த மற்றோர் ஆய்வு, அவர்களுடைய கிளைகள் தெற்காசியக் கிளைகளிலிருந்து 50,000 ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன என்றும் அண்மைக் கலப்புக்குச் சான்றில்லை என்றும் கூறிற்று. கடல்கொண்ட நாடுகளைப் பற்றிக் கனவு காண்போர் முதல் கட்டுரையைப் படித்து அத்தோடு நின்றுவிடுவது இயல்பு. இரண்டாவதையும் படித்தல் கடமை.

ஒற்றை இழையை விட்டு முழு ஏட்டையும் படிக்கும் காலம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் 2005இல் அந்தமான் முதுகுடிகளின் தொன்மையை வெளிப்படுத்தினர். 2009இல் அவர்களும் ஆர்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக் குழுவினரும் இணைந்து 25 கூட்டங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்திடங்களை ஒப்பிட்டனர். இந்தியப் பெருநிலத்தில் அவர்கள் ஆராய்ந்த பெரும்பாலான கூட்டங்கள் இரண்டு பழைய மூலங்களின் கலவை என்பது கணிப்பின் விடை. ஒரு மூலம் மேற்கு ஆசியா, நடு ஆசியா, ஐரோப்பா ஆகியவற்றின் மக்களோடு உறவுடையது. மற்றொன்று இத்துணைக்கண்டத்துக்கே உரியது. முன்னதற்கு 'வட இந்திய மூதாதையர்' என்றும் பின்னதற்குத் 'தென்னிந்திய மூதாதையர்' என்றும் பெயரிட்டனர். முதல் மூலத்தின் பங்கு கூட்டத்துக்குக் கூட்டம் 39 முதல் 71 விழுக்காடு வரை வேறுபட்டது; ஆனால் முழுதும் ஒரு மூலத்தையே உடைய சாதி அவர்கள் அளந்தவற்றுள் ஒன்றும் இல்லை.

கலப்பு நிகழ்ந்த காலத்தையும் கணித்தனர். அம்முறையையும் ஏட்டை வைத்தே விளக்கலாம். இரு வேறு மூலங்களை எதிரே வைத்துக்கொண்டு ஒருவன் புதிய படி எழுதுகிறான் எனக் கொள்க. முதல் நாற்பது ஏடுகளை ஒன்றிலிருந்தும் அடுத்த முப்பதை மற்றதிலிருந்தும் எடுக்கிறான். அத்தகைய இரண்டு கலப்புப் படிகளைப் பார்த்து அடுத்தவன் எழுதுகிறான். அவனும் இடையிடையே மாறுகிறான். ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் குறுகிக்கொண்டே வரும். நூறாவது படியில் ஒரு மூலத்தின் வாசகம் சில வரிகளுக்கு மேல் தொடராது. எனவே துண்டுகளின் நீளத்தை அளந்தால், கலப்பு நிகழ்ந்து எத்தனை தலைமுறைகள் ஆயின என்று கூறலாம். இம்முறையால் பிரியா மூர்ஜானி முதலியோர் 2013இல் 73 கூட்டங்களை ஆராய்ந்து, கலப்பு இன்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரையான காலப்பரப்பில் நிகழ்ந்தது என்றனர். அதன்பின் அகமண வழக்கம் இறுகி, கலப்பின் கதவுகள் சாத்தப்பட்டன.

இக்காலப்பரப்பின் கடைசி எல்லை கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. சங்கப் பாடல்களின் காலமும் அதுவே எனப் பலர் கொள்வர். முன்பின் அறியாத இருவர் மலைச்சாரலில் எதிர்ப்பட்டு உள்ளம் கலப்பதைக் களவென வகுத்து அதனை முதன்மைப்படுத்திய இலக்கியம், கதவுகள் முற்றும் சாத்தப்படாத காலத்து இலக்கியம் என்று எண்ணத் தோன்றும். இது தோற்றமேயன்றிச் சான்றன்று. பாடல் ஒரு மரபு. மரபுக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை எந்தக் கணிப்பொறியும் அளந்து சொல்லாது. ஆயினும் அகமணத்தை என்றுமுள்ள ஏற்பாடாகக் கருதுவோர் தம் குருதியின் ஏட்டில் வேறு செய்தி எழுதப்பட்டிருப்பதை மறுத்தல் இனி எளிதன்று.

இவ்வாராய்ச்சிகள் எளிதில் திரிக்கப்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிச்சர்டு முதலியோர் 2000இல் வெளியிட்ட 'சுடிரக்சர்' என்னும் நிரல், மக்களின் மரபணுக்களைச் சில வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும். படத்தைக் காண்போர் அவ்வண்ணங்களைத் தனித்தனித் தூய இனங்கள் என மயங்குகின்றனர். எத்தனை வண்ணங்களாகப் பிரிக்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்பவர் ஆய்வாளரே. மூன்று எனில் மூன்று தரும், ஐந்து எனில் ஐந்து தரும். 'தென்னிந்திய மூதாதையர்' என்னும் பெயரும் ஒரு கணக்கின் வசதிக்காக இட்ட பெயர். வாகீசு நரசிம்மன் முதலியோர் 523 பழங்கால மனிதரின் மரபணுக்களைக் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் 'தென்னிந்திய மூதாதையர்' தாமும் சிந்துவெளியோடு தொடர்புடைய மக்களும் தெற்கின் பழைய வேட்டைச் சமூகத்தாரும் கலந்து உருவானவர் எனத் தெரிந்தது. அதே ஆண்டில் அரியானாவின் இராகிகடியில் சிந்துவெளிக் காலப் பெண் ஒருவரின் மரபணு படிக்கப்பட்டது. 61 மாதிரிகளுள் படிக்க இயன்றது அது ஒன்றே. அந்த ஒரே கட்டுரையிலிருந்து நாளேடுகள் நேரெதிரான தலைப்புகளை எடுத்து வெளியிட்டன. ஏடு ஒன்று, உரை பல என்பது தமிழர்க்குப் புதிதன்று; ஆனால் உரையாசிரியர் மூலத்தைப் படித்தபின்னரே உரை எழுதினர்.

கதவு சாத்தியதன் விலை குழந்தைகளின் தொட்டிலில் தெரிகிறது. ஒரே ஒரு சிதைந்த சுவடியிலிருந்து நூறு படிகள் எடுத்தால் நூறிலும் அதே இடம் சிதைந்திருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேறு சுவடி இராது. சிலரே முன்னோராக நின்று, பல தலைமுறைகள் தமக்குள்ளேயே மணந்துவந்த கூட்டத்தின் நிலையும் அதுவே. தாயேட்டிலும் தந்தையேட்டிலும் ஒரே பிழை வந்து கூடினால் நோயாகிறது. 2017இல் தங்கராஜும் ரைக்கும் பங்கேற்ற ஆய்வொன்று தெற்காசியக் கூட்டங்களை ஆராய்ந்து, 263 தனிக்கூட்டங்களுள் 81இல் இந்நெருக்கம் பின்லாந்து மக்களிடமும் ஐரோப்பிய யூதரிடமும் காணப்படுவதைவிட மிகுதி எனக் கண்டது. அவ்விரு மக்களும் மரபுநோய் ஆராய்ச்சியில் உலகின் முதன்மை எடுத்துக்காட்டுகள் என்பதை நினைத்தால் அவ்வெண்ணின் பொருள் விளங்கும். ஆந்திரத்து வைசியர் பிரிவொன்றில், அறுவையின்போது தசையைத் தளர்த்தத் தரும் மருந்தை உடல் சிதைக்க இயலாமல் உயிர்க்கு இடர் நேர்தல் மருத்துவர் நெடுநாள் அறிந்தது. அதற்குக் காரணமான எழுத்து மாற்றமும் கண்டறியப்பட்டுள்ளது. மயக்கமருந்து தரும் முன் மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்பது வெற்று வினா அன்று. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என உறவுக்குள் முடிக்கும் தமிழ்நாட்டுத் திருமணங்களையும் இங்கு எண்ணாதிருத்தல் இயலாது. சாதிக்குள் மணத்தலை அரசியலார் ஒருவகையிலும் சீர்திருத்தக்காரர் ஒருவகையிலும் பேசி வந்துள்ளனர். மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அது மூன்றாம் வகையாகப் பேசப்படுகிறது.

ஏட்டிலிருந்து குருதிக்குச் சென்ற முறை ஏட்டுக்கே திரும்பிய செய்தி இலக்கிய வட்டத்தார்க்கு உவப்பளிக்கும். 1998இல் உயிரியலாரும் ஆங்கிலப் புலவரும் சேர்ந்து, சாசரின் காண்டர்பரிக் கதைகளில் ஒரு பகுதியின் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடிகளை மரபணுக்களுக்கான நிரல்களில் இட்டுக் குடிவழி வரைந்தனர். அக்கட்டுரை அறிவியல் இதழாகிய 'நேச்சரில்' வெளியாயிற்று. சங்க நூல்களின் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டு ஏவா வில்டன் நற்றிணை, குறுந்தொகை முதலியவற்றின் செம்பதிப்புகளை வெளியிட்டுள்ளார்; அவ்வேறுபாடுகளையும் இவ்வாறு கணிப்பொறியில் இட்டுப் பார்க்க இளைஞர் முன்வரலாம். மொழிக்கும் இம்முறை பொருந்தியது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் 1816இல் சென்னையிலிருந்தே எழுதினார். கால்டுவெல் 1856இல் விரித்தார். 2018இல் விஷ்ணுப்பிரியா கோலிப்பாக்கம் முதலியோர் 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்கள் நூறு நூறாகத் திரட்டி, உயிரினங்களின் கிளைகளைக் கணிக்கும் நிரலிலேயே இட்டு, அக்குடும்பம் கிளைக்கத் தொடங்கி ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆயின என்றனர். பெருங்கிளைகளுள் எது முதலில் பிரிந்தது என்பதில் அக்கணிப்புக்குத் தெளிவில்லை. அதனை அவர்களே ஒப்புகின்றனர். மொழி வழியும் குருதி வழியும் ஒன்றென மயங்குதலும் கூடாது. வளர்த்தோரின் மொழியைப் பிள்ளை பேசும். பங்கயச்செல்வியின் வளர்ப்புமகன் பாடியது அவள் மொழியில்தான்.

'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 2015இல் 26 மக்களினங்களைச் சேர்ந்த 2,504 பேரின் முழு ஏட்டையும் எவரும் படிக்கும்படி பொதுவில் வைத்தது. அவ்விருபத்தாறனுள் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். அவர்கள் 102 பேர். உலகின் எம்மூலையிலும் ஒரு மாணவர் புதிய நிரலைச் சோதிக்கும்போது, ஊர்விட்டுப் போன தமிழரின் ஏடும் அவர் திரையில் விரிகிறது. அவர்களுள் எவர் பெயரும் அதில் இல்லை. பெயர் இல்லாமல் இருத்தலே அங்கு விதி.

கீழடியில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அப்பெயருக்குரியோரின் உடலை அடையாளம் காட்ட வழியில்லை. அதனையடுத்த கொந்தகை இடுகாட்டில் தாழிகளும் எலும்புகளும் கிடைத்துள்ளன, அவ்வெலும்புகளுக்குப் பெயரில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் மரபணு விரைவில் சிதைவதால், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வகத்தார் பேராசிரியர் கு. குமரேசன் தலைமையில் அவற்றிலிருந்து சிறுசிறு துண்டுகளைப் பிரித்தெடுக்க முயன்று வருகின்றனர். 2025ஆம் ஆண்டில் கொந்தகை மண்டையோடுகள் இரண்டின்மேல், லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகமொன்றின் உதவியோடு, இரு ஆடவரின் முகங்கள் கணிப்பொறியில் வடிக்கப்பட்டன. எலும்பு சொல்லாத தோல் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் இன்றைய தென்னாட்டு மக்களைப் பார்த்தே அதில் இட்டனர்.